எதிர்க்கடைக்குப் போகாத கைப்பேசி

குருண்,
புதன்கிழமை காலை

அன்புள்ள குணசுந்தரி அக்காவுக்கு,

செர்டாங்கில் எல்லாரும் நலமா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். என் கைப்பேசியில் அழைப்பு போகவில்லை என்று பயப்படாதீர்கள். அப்டேட் பாதியில் நின்று, சசிதரனின் ரிப்பேர் கடை மேசையில் திறந்து கிடக்கிறது.

போன்களைச் சரிசெய்ய அவன் வாங்கி வைத்திருக்கும் மென்பொருள் என் மாடலுக்கு ஓடாதாம். புதிய பதிப்புக்குத் தனிக் கட்டணமாம்.

"ஒருமுறை கட்டினால் ஆயுளுக்கும் செல்லும் என்றுதானே வாங்கினாய்?" என்றேன்.

"அது பழைய வெர்ஷனுக்குத்தாம்மா. சும்மா இருங்கலா."

எதிர்க்கடை விக்னேஸ்வரனிடம் இருப்பது வேறு நிறுவனத்துடையது. சரிசெய்யும் ஒவ்வொரு போனுக்கும் மட்டும் கட்டணம் கட்டினால் போதும். மேம்படுத்தக் கட்டணமே இல்லை. இரண்டின் நிபந்தனைகளையும் ஆங்கிலத்தில் வரிவரியாகப் படித்தேன். கான்வென்டில் அப்படித்தான் பழக்கினார்கள். இந்தச் சின்னக் கடைக்கு விக்னேஸ்வரனுடையதுதான் சரி என்றதும் சசிதரனுக்குக் கோபம்.

"அப்ப அவன்கிட்டயே கொடுங்க. அம்மா போனையே மகனால செய்ய முடியலன்னு குருண் முழுக்கச் சொல்லட்டும்!"

கொடுக்க மாட்டேன். அவனைத் தலைகுனிய வைக்கவா இங்கே வந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்? அவன் கட்டணம் கட்டும்வரை காத்திருப்பேன்.

கடைப் போன் இருக்கிறது. ஆனால் அவன் பக்கத்தில் நிற்க, அவனைப் பற்றி உங்களிடம் எப்படிப் பேசுவது?

ஆகவே தபாலில் எழுதுங்கள். என்ன சமைத்தீர்கள், யார் வந்தார்கள், தினமும் சொல்வதையெல்லாம் எழுதுங்கள். எலுமிச்சை ஊறுகாய் பிறகு அனுப்பலாம், கடிதம் முதலில். கடை திறக்க நேரமாகிவிட்டது. தபால்காரர் வரும் நேரத்தில் நான் வாசலிலேயே நிற்பேன்.

தங்கை,
பிரேமாவதி