உன் பக்கத்துத் தோள்

சாரல் தொடங்கிவிட்டது. சன்னதித் தெரு எண்ணெய்க் கடையில், அருவியில் குளிக்க வருகிறவர்களுக்காகச் சீசன் தைலம் இறக்கியிருக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் இடது தோள் தானாக இறங்கியது. நீ பக்கத்தில் இல்லை என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை.

கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு முதுகெலும்பை ஒட்டி நரம்பில் கட்டி. சென்னையில் அறுத்தெடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தார்களாம்; நம்மூர்ப் பேச்சில் கரண்டு வைப்பது. கட்டி போனது, நீ பிழைத்தாய், எல்லாம் முடிந்தது என்றே உன் வீட்டில் நினைத்தார்கள். கரண்டு பட்ட பக்கத்து எலும்பு மட்டும் வளர மறந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் என் பெஞ்சுக்கு நீ வந்தபோது உன் வலது தோள் நன்றாகவே தாழ்ந்திருந்தது.

"நம்மூர் மொட்டைக் கோபுரமே நேரா நிக்குது, நீ ஏன்ட்டி சாயுத?" என்றேன். வகுப்பே என்னை முறைத்தது. நீதான் சிரித்தாய்.

"கோபுரத்துக்கு யாரும் கரண்டு வைக்கலல்லா."

அன்றைக்கே உன்னிடம் தோற்றுவிட்டேன். அதன்பின் தெருவில் போகும்போது நானும் உன் பக்கமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டு வாயாடிகள் தலையோடு தலை சேர்த்துப் போவதாகத்தான் தோன்றும்.

"ஏட்டி, ரெண்டு பேரும் அப்படி என்ன ரகசியம் பேசுதிய?" என்பார் எண்ணெய்க் கடை அண்ணாச்சி. நாம் ஒன்றுமே பேசியிருக்க மாட்டோம். நான் செய்த குறும்புகளில் ஊர் முழுக்க ஏமாந்தது அது ஒன்றில்தான்.

சீசன்தோறும் உன் அம்மா உன் முதுகில் தைலம் தேய்த்து ஐந்தருவியில் நிறுத்துவார். தண்ணீர் அடித்து அடித்தே முதுகை நிமிர்த்திவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. ஈரத்தோடு வந்து என் முன்னால் நிற்பாய்.

"பாருட்டி, ரெண்டு தோளும் மட்டமாயிட்டா?"

"கொஞ்சம் ஏறியிருக்கு" என்பேன். ஏறியிருக்காது. உனக்கும் தெரியும்.

போன சீசனில் அருவிப் படி ஏறவே உனக்கு மூச்சு வாங்கியது.

"கட்டி திரும்ப வரல. நெஞ்சுக்கூடு ஒரு பக்கம் வளரவே இல்ல. நுரையீரல் விரிய இடமில்ல" என்றார் டாக்டர்.

"கட்டிதான் போயிட்டேய்யா, பொறவும் எதுக்கு?" என்று கேட்டார் உன் அம்மா. ஐப்பசி மழையில் வந்த சளிக்காய்ச்சலை உன் நெஞ்சு தாங்கவில்லை.

இன்று கடையைத் தாண்டும்போது அண்ணாச்சி என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். பழைய கேள்விதான். என் பக்கத்தில் ஆளில்லாததைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"நேரா நடட்டி" என்று என் அம்மா தினமும் திட்டுகிறாள். நடந்து பார்த்தேன். நிமிர்ந்தால் உன்னை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவதுபோல் இருக்கிறது. நாலு எட்டுக்குள் தோள் மறுபடி இறங்கிவிடுகிறது.