சட்டை போடாத நேரம்

ஜூலை 21, திங்கள்
புகைமூட்டம். தொண்டை கரகரப்பு. 6.20க்கு டைகரோடு பூங்கா.

வாசல் பலகையில் நாய் படம், குறுக்கே சிவப்புக் கோடு. நாய்க்கு அனுமதி இல்லை. ஆனால் கீப்பர் மாரியின் சட்டம் வேறு. வேலை நேரம் ஏழுக்குத்தான். ஆறுக்கே வந்து சிங்லெட் பனியனோடு சருகு கூட்டுவான். சிங்லெட்டில் இருக்கும்வரை நாய் அவன் கண்ணில் படாது. பாதையைக் கழுவி விட்டு, ஏழுக்கு யூனிபோர்ம் சட்டையை மாட்டினால் உடனே விசில். "டீச்சர், நாய் உள்ள வரக்கூடாது!" பத்து நிமிடம் முன்பு அதே நாயின் காதைச் சொறிந்து கொடுத்தவன்!

(நான் டீச்சர் இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்த கிராணி. பதினோரு வருடமாகத் திருத்தி அலுத்துவிட்டது.)

இன்று ஒரு குண்டு போட்டான்.

"மாசக் கடைசியோட நான் இல்ல டீச்சர். கீப்பர் வேலையவே எடுத்துட்டாங்க. கொன்ட்ராக் ஆளுங்க மாசம் ரெண்டு வாட்டி வந்து புல்லு வெட்டுவாங்க. அவ்ளோதான் லா."

"உனக்கு?"

"பந்திங் ரோட்டு நர்சரில போடுறாங்க. கன்னு வளர்க்கிற எடம். நான் கேட்டு வாங்குனது."

"கேட்டை யாரு தொறப்பா?"

"ஏழு மணிக்கு கார்ட் வருவான்."

ஏழு மணிக்கு. அப்படியென்றால் டைகருக்கு இனி பூங்கா இல்லை. வயது பதினாலு, இரண்டு கண்ணும் போய்விட்டது. இங்கே மட்டும் வழி தெரியும், நான்காவது தூணில் ஒன்றுக்கு, மாமரத்தடியில் ஓய்வு. ரோட்டில் விட்டால் நின்ற இடத்திலேயே நடுங்கும்.

வாங்க வேண்டியது: பூண்டு, டைகர் மாத்திரை, பாத்ரூம் பல்ப்.

ஜூலை 22, செவ்வாய்
நகராட்சிக் கவுன்சிலுக்குக் கடிதம். மலாயில், ஒரு பக்கம், ஐந்து பாயிண்ட். மாரி எவ்வளவு நல்ல கீப்பர், ஏன் அவனை எடுக்கக் கூடாது. முன்பு மூன்று பேர் இருந்த பூங்கா, பிறகு இரண்டு, இப்போது ஒருவன், அவனும் போனால் ஊஞ்சலுக்கு எண்ணெய் போடுவது யார்.

இவர் எட்டிப் பார்த்து, "ரிட்டயராயும் உன் கை சும்மா இருக்காதே" என்றார். பொறாமை. இவருக்கு ஒரு வரி ஒழுங்காக எழுத வராது.

மூன்று தடவை படித்துவிட்டு ஈமெயிலில் அனுப்பினேன். நல்ல கடிதம். எனக்கே பிடித்திருந்தது.

ஜூலை 25, வெள்ளி
6.25. மாரி கேட்டில் நிற்கிறான். சட்டையோடு.

"நாய வெளிய வையுங்க டீச்சர்."

விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நேத்து ஆபீஸ்ல கூப்ட்டாங்க. உங்க லெட்டர படிச்சுக் காட்டுனாங்க. நாலாவது பாயிண்ட்."

நாலாவது பாயிண்ட்: ஏழு மணிக்கு முன்பு, வயதான நாய்களோடு வருபவர்களை அன்போடு அனுமதிப்பவர். என் கையால் எழுதியது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விசாரணை முடியும்வரை நர்சரி மாற்றம் நிறுத்தி வைப்பாம்.

"நல்லதுன்னு நெனச்சுதான் எழுதியிருப்பீங்க. எனக்குத் தெரியும்."

திட்டியிருந்தால் தேவலை.

டைகருக்கு இதெல்லாம் புரியுமா. வழக்கம்போல உள்ளே போகப் பார்த்து, மூடிய கம்பியில் மூக்கை இடித்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். இவர் சூடாகத் தே ஆற்றிக் கொடுத்தார்.

ஜூலை 28, திங்கள்
கவுன்சில் ஆபீஸ். ஒன்றே முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. ஏர்கோன் குளிர். பக்கத்து ஆன்டி போனில், "சாக்கடை அடைப்புக்கு மூணு தடவ வந்துட்டேன் லா!"

அதிகாரி சின்னப் பெண், தலையை மூடிய துடோங், மேசையில் ஒரு கள்ளிச்செடி. மலாயில் சொன்னேன்: நாயைக் கொண்டுபோனது நான். தப்பு என்னுடையது. எழுதுவதென்றால் என் பேரை எழுதுங்கள்.

"நாய்க்கு என்ன வயது?"

"பதினாலு. கண் தெரியாது."

பேனா மூடியைத் திறந்தாள். "ஏழுக்கு முன்னால் அவர் வேலையில் இல்லை, அப்படித்தானே?"

"ஆமாம். சட்டைகூடப் போட்டிருக்க மாட்டார்."

அதை எழுதிக்கொண்டாள். எழுதும்போது சிரித்த மாதிரி இருந்தது.

கடைசியில் எச்சரிக்கைக் கடிதம் எனக்கு. எத்தனை பேருக்கு நான் டைப் அடித்துக் கொடுத்தது! என் பேரில் வந்தது இதுதான் முதல். பத்திரமாக பைலில் வைத்தாயிற்று.

ஜூலை 30, புதன்
மாரியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "நர்சரி ஓகே ஆயிருச்சு டீச்சர்." பின்னால் சேவல் சத்தம். நான்கு தடவை கேட்டேன். இவரையும் கேட்க வைத்தேன்.

ஆனால் சட்டையை இப்போதெல்லாம் ஆறுக்கே போட்டுக்கொள்கிறான். நியாயம்தான். டைகருக்கு வீட்டு வாசல்தான் பூங்கா. இரண்டு நாளாக அங்கேயே ஒன்றுக்குப் போய்விடுகிறது. கழுவி முதுகு வலி.

ஜூலை 31, வியாழன்
புகை இல்லை. நல்ல வெயில். மாரியின் கடைசி நாள். ஒரு டப்பா நெய் உருண்டையோடு ஏழேகாலுக்குப் போனேன், தனியாக.

சிங்லெட்டில் கூட்டிக்கொண்டிருந்தான்.

"மாரி, ஏழேகால் ஆச்சு."

"அப்டியா." கூட்டுவதை நிறுத்தவில்லை.

"சட்டை?"

தாடையால் காட்டினான். வாசல் பலகை மேல் ஹேங்கரோடு தொங்கியது. சிவப்புக் கோட்டையும் நாயையும் மறைத்துக்கொண்டு.

"இன்னிக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேன் டீச்சர். சும்மா கூட்ட வந்தேன். நாய் எங்க?"

ஓடினேன். இந்தத் தெருவில் நான் ஓடி எத்தனை வருடம். இவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

டைகர் நேராக நான்காவது தூண். பிறகு மாமரம். எங்கள் தெரு மலாய்க்கார அக்கா காக் நோர் எப்போதும்போல் நடக்க வந்தார். எங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "கடைசி நாளா மாரி?" என்று மலாயில் கேட்டுவிட்டு, மறுபக்கப் பாதையில் கையாட்டியபடி போனார்.

இத்தனை வருடத்தில் டைகர் இந்தப் பூங்காவை வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. எப்போதும் விடிவதற்கு முன். இப்போது வெளிச்சம் இருக்கிறது, கண் இல்லை. அழுகை வந்தது. ஆனால் அது நிழலை விட்டு எழுந்துபோய், புல்லில் வெயில் விழும் இடமாகத் தேடிப் படுத்துக்கொண்டது. மாரி பக்கத்தில் உட்கார்ந்து காதைச் சொறிந்தான். நெய் உருண்டை ஆளுக்கு மூன்று. டைகருக்குப் பாதி.

பத்தரை வரை இருந்தோம். போகும்போது சட்டையை எடுக்க மறந்துவிட்டான். நானும் சொல்லவில்லை.