ஓடும் மெஷினின் பல்சக்கரம்

அறிவுக்கொழுந்தான என் தம்பிக்கு,

நீ இன்னொரு செத்த டிரில்லிங் மெஷினை வாங்கிப் போனதைப் பழைய சாமான் கடைக்காரர் சொன்னார். "உங்க தம்பி உள்ள இருக்கிற பல்சக்கரத்துக்காக வாங்குறாராம், இதோட அஞ்சு ஆச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உனக்காக வெட்கப்படுவது எனக்குப் புதிதில்லை.

அப்பா நமக்கு ஆளுக்கொன்றாக விட்டுப்போன அந்த ரகத்தில் முதலில் பல் மழுங்குவதே அந்தச் சக்கரம்தான். அது போனதால்தான் எல்லாரும் மெஷினையே தலைமுழுகுகிறார்கள். நீ பத்து வாங்கினாலும் பத்திலும் அது பொக்கையாகத்தான் இருக்கும். ஓடுகிற மெஷினை எந்த மடையன் விற்பான்?

ஊரில் ஓடுவது என்னுடையது ஒன்றுதான். அது உனக்கும் தெரியும். என் தெருமுனைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாயாமே! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெண்ணெயோடு பேச்சுவார்த்தை இல்லை என்று முறுக்கிக்கொண்டு அலைகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

"ஒரு போன் பண்ணிச் சொன்னா உங்க கௌரவம் குறைஞ்சிடுமா?" என்கிறாள் உன் அண்ணி. குறையும். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கவரில் இருப்பது என் மெஷினின் பல்சக்கரம். உன் வழக்கப்படி சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றாதே.

இனி என்னுடையது ஓடாது. இங்கே துளை போடவேண்டிய பலகைகள் நிறையக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குத்தான் வரவேண்டும். உன்னைப் பார்க்க வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை முதல் பலகை.

உன் அண்ணன்