வாசலில் காய்ந்த செருப்புகள்

மாதா துணை

ஆரணி,
16.11.2003

அன்பு மகள் ஜெசிக்கு, அப்பா எழுதுவது. நான் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் முதலில் வருகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, இந்த முறை அது செய்தி. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஏஞ்சலினும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். வியாழக்கிழமை முதல் தினமும் போன் செய்கிறாய். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாய், சாப்பிட்டேன் என்கிறேன், அதற்குள் உன் குரல் உடைந்துவிடுகிறது. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் வேண்டாம்ப்பா என்கிறாய். காதால் கேட்க முடியாததைக் கண்ணால் வாசிக்க முடியும் என்று நினைத்து எழுதுகிறேன். ஊரில் நடந்ததையெல்லாம் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியே காலம் தள்ளியவன் என் வீட்டு வாசலில் நடந்ததை உனக்குச் சரியாகச் சொல்லாமல் விடக்கூடாது. என் சிநேகிதன் மாணிக்கவேல் மேல் கோபப்படாதே. என் சாவுச் செய்தியை உனக்குச் சொன்னது அவன்தான், ஆனால் அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

எல்லாம் நீ அனுப்பிய போட்டோவில் தொடங்கியது. உன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் பலகை அடித்து, அதில் கொக்கிகள் வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டு, கோட்டுக்குக் கீழே அவரவர் பூட்ஸ், பனித்தண்ணீர் தரையில் வடியாமல் இருக்க ரப்பர் தட்டு, ஏஞ்சலினுக்கு எட்டும் உயரத்தில் தனியாக ஒரு சின்னக் கொக்கி. கடைசிக் கொக்கி காலி. போட்டோவின் பின்பக்கம் 'அது அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதவில்லை. வருகிறீர்களா என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்றே சொல்லிவந்தேன். போட்டோவை அலமாரிக் கண்ணாடியில் செருகிவைத்துவிட்டு தினமும் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் திரும்பினால் நம் வீட்டு நடை. அம்மா போன பிறகு அங்கே எதையும் நான் எடுத்து வைத்ததில்லை. நீ காலேஜுக்குப் போட்டுப்போன செருப்பு, ஸ்கூல் ஷூ, ஏஞ்சலின் நடந்தால் கீச்சுக்கீச்சென்று சத்தம் போடும் அந்தச் சின்ன ஷூ, போன ஏப்ரலில் வந்தபோது இந்த வெயிலில் சுமக்க முடியாது என்று மாப்பிள்ளை விட்டுப்போன பெரிய கோட்டும் பனி பூட்ஸும், என் பழைய மழைக்கோட்டு, மூன்று குடை, அம்மாவின் செருப்பு. எதிர்வீட்டு ராஜம்மாள்தான் அம்மா போன புதிதில் சொன்னது, செருப்பெல்லாம் வாசலிலேயே கெடக்கட்டும் சார், உள்ள நாலு பேரு கீற மாதிரி இருந்தாத்தான் கண்டவன் எட்டிப் பாக்கமாட்டான் என்று. அது நல்ல யோசனையாகவே பட்டது. நாலு பேர் இருக்கிற வீடு என்று திருடன் நம்பினானோ இல்லையோ, வெளியே போய்விட்டுத் திரும்பும்போது ஒரு நொடி நானே நம்பியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை அதையெல்லாம் உன் வீட்டைப் போலவே அடுக்கிவிடுவது என்று உட்கார்ந்தேன். அடுக்கி முடித்து ஸ்டூடியோவில் இருந்து ஆள் கூட்டிவந்து ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பலாம், அப்பா தனியாக இருந்தாலும் வீட்டை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார், அவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நீ நினைப்பாய், அதுதான் என் கணக்கு. தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு நூல் காய்கிற இடத்தில் செருப்பைக் கொண்டுபோய் வைக்கக்கூடாது, அதனால் அவர்கள் பாவைச் சுருட்டி எடுக்கும்வரை காத்திருந்து, அதன்பிறகு செருப்புகளையெல்லாம் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து வாசலில் வரிசையாக வெயிலில் வைத்தேன். நடையைக் கழுவ வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வெளியே எடுத்துப் போட்டேன். கோட்டுகளையும் குடைகளையும் கட்டிலில் குவித்து, தூசி படக்கூடாது என்று என் வெள்ளை வேட்டியை மேலே போர்த்தினேன். மாப்பிள்ளையின் பூட்ஸ் தோல் என்பதால் கழுவவில்லை. அதையும் கட்டிலில் கால்மாட்டில் நிற்க வைத்து வேட்டிக்குள் விட்டேன். தெருக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, செருப்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். இவ்வளவுதான் நான் செய்தது. இதை நீ வெளியில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். வாசல் நிறையச் செருப்பு, தெருவில் நாற்காலி, உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை. நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் பார்த்தவன் எதிர்வீட்டுத் தருமன், ராஜம்மாளின் வீட்டுக்காரன். தறியில் இருந்து தண்ணீர் குடிக்க எழுந்தவன் நம் வாசலைப் பார்த்திருக்கிறான். கதவைத் தட்டினான், சார் சார் என்று கூப்பிட்டான், குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இருட்டில் கட்டில், கட்டிலில் தலைமுதல் வெள்ளைத்துணி, கால்பக்கம் பாதம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ராஜம்மாள் மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் செருப்பை என் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே கழற்றி விட்டார்கள். அதனால் பின்னால் வருகிறவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தெருவில் சாவு என்றால் பிணம் எடுக்கும்வரை யாரும் தறியில் உட்காரமாட்டார்கள், அது உனக்குத் தெரியும். ஒரு தறி நின்றது, பிறகு இன்னொன்று, கடைசியில் தெருமுனை பவர்லூமும் நின்றது. பின்பக்கம் இருந்த எனக்கு அந்த அமைதிதான் முதலில் கேட்டது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். தருமன் தறி கைத்தறி, அதற்குக் கரண்ட் எதற்கு என்று அடுத்த நொடியே தோன்றியது. அப்படியானால் தெருவில் யாரோ போய்விட்டார்கள். யாராக இருக்கும் என்று வயதானவர்களை ஒவ்வொருவராக மனத்தில் நினைத்துப் பார்த்தேன், முனைவீட்டு அருணாச்சலம்தான் கொஞ்ச நாளாகப் படுத்திருக்கிறார், அவராகத்தான் இருக்கும் என்று முடிவுசெய்தேன். சாவு வீட்டுக்கு வெறும் உடம்போடு போகக்கூடாது என்று சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் சோப்பு நுரையோடு தெருக் கதவைத் திறந்து, எதிரே நின்றவர்களிடம், பாவம், எப்போது தவறினார் என்று கேட்டேன்.

ராஜம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தது. ஐயோ சார், நீங்கதான் சார் என்றது. அப்புறம் நான் கட்டிலுக்குப் போய் வேட்டியை எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. பூட்ஸைப் பார்த்ததும் தருமன் தலையில் கைவைத்துக்கொண்டான். இத்த பாத்தா கால்னு நெனச்சேன், ரெண்டு தறி சேலைய நிறுத்திட்டு வந்துகினு கீறேன், அந்தக் கோட்டுக்காரர் வந்தா ஒரு நாள் கூலி கேப்பேன் சார் என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அருணாச்சலம்கூட பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் அவரைச் சாகடித்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் மாணிக்கவேல் சேதி கேட்டுத் தன் பட்டுக்கடையில் இருந்து ரோஜா மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். அழுதழுது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தவன் மாலையைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். யோவ் சவரி, நீ கீறியா என்றான். கீறேன் வா என்றேன். பேஜாராப் போச்சேய்யா, பொண்ணு பிளைட் புடிக்கணும், ஜல்தியா சொல்லணும்னு ஜெசிக்கு மொதல்ல போன் போட்டுட்டனேய்யா என்றான். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. நம் வீட்டுப் போனில் வெளிநாடு பேச முடியாது. அவன் கடைக்குப் போய்ப் பேசலாம் என்று நான் படி இறங்கினேன், கழுவிய செருப்பில் ஒரு கால்தான் கிடைத்தது, மற்றதை யாரோ மிதித்துத் தள்ளியிருந்தார்கள். அதைத் தேடும்போதே உள்ளே போன் அடித்தது.

யாராவது எடுத்து விவரம் சொல்வார்கள் என்றுதான் நீ கூப்பிட்டிருப்பாய். யார் பேசறது என்று கேட்டாய். அப்பாதான் என்றேன். அதன்பிறகு நான்தான் ஜெசி ஜெசி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், லைன் போய்விட்டது. பிறகு மாப்பிள்ளை போன் போட்டுப் பேசினார். அவர் சொன்ன ஒன்றை நீ என்னிடம் இதுவரை சொல்லவில்லை. மாணிக்கவேல் போன் வைத்த பிறகு நீ எழுந்துபோய்க் கோட்டைப் போட்டு, பூட்ஸை மாட்டி, பையைத் தோளில் எடுத்துக்கொண்டு, டிக்கெட்டும் இல்லை, விமானமும் இல்லை, எங்கே போவது என்றும் தெரியாமல், அந்தக் காலிக் கொக்கிக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்திருந்தாய் என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகு ரிசீவரை வைத்துவிட்டு நானும் நடையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது. மாலையை வீணாக்க வேண்டாம் என்று அம்மா படத்துக்குப் போட்டோம். ராஜம்மாள் காபி போட்டுக் கொண்டுவந்தது, எல்லாரும் குடித்தார்கள், கொஞ்ச நேரம் வீடு நிறைந்திருந்தது. அம்மா போன நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் இத்தனை பேர் குரலை நான் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து தன் செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு போனார்கள். தறிச் சத்தம் மறுபடி கேட்டது. வாசலில் பார்த்தேன். எடுத்துப் போக ஆள் வராத செருப்புகள் மட்டும் வெயிலில் இருந்தன. அவை எல்லாமே நம் வீட்டுச் செருப்புகள். இதை உன்னை அழவைக்க எழுதவில்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே அடுக்கிவிட்டேன். உன் செருப்பும் ஸ்கூல் ஷூவும் இரண்டு தட்டில், ஏஞ்சலினின் கீச்சு ஷூ உனக்கு மேலே, அது எப்படியும் இனி அவள் காலுக்குச் சேராது. அம்மா செருப்பில் இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதை இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை. அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம், வெளியிலும் வைக்க வேண்டாம், உள்ளே வைத்துவிடுங்கள் என்று ராஜம்மாள் சொன்னது. பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். போட்டோ எடுக்க ஸ்டூடியோவில் இருந்து யாரையும் கூப்பிடவில்லை. யாரிடம் என்ன காட்டப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி போன் அடித்தால் பதறி எழுந்திருக்காதே, மாணிக்கவேலிடம் இனிமேல் என்னை நேரில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர், அவர் பூட்ஸ் பத்திரமாக இருக்கிறது, நேற்று அதைப் போட்டு நடையில் நடந்து பார்த்தேன், எனக்குப் பெரிது, குதிகால் கழன்றுகொண்டு வருகிறது. கோட்டு மட்டும் சரியாக இருக்கிறது, கைதான் கொஞ்சம் நீளம், மடித்துக்கொள்ளலாம். இத்துடன் ஒரு பேப்பர் மடித்து வைத்திருக்கிறேன். அது என் காலின் அளவு. குனிந்து நானே வரைய முடியவில்லை, தருமன்தான் பென்சிலைப் பிடித்து வரைந்தான். வரையும்போது, ஆடாம நில்லுங்க சார், செத்துப்போன அன்னிக்கு எவ்ளோ அழகா படுத்துகினு இருந்தீங்க என்றான். வலது கால் இடதைவிடக் கொஞ்சம் பெரிது, பூட்ஸ் வாங்கும்போது வலதையே அளவாக வைத்துக்கொள், தடித்த சாக்ஸ் போட ஒரு விரல் இடம் விட்டு வாங்கு. பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே எழுதிக் கொடுக்கப் போகிறேன். எப்போது கையில் கிடைக்கும், விசா எப்போது வரும் என்று தெரியாது, இந்தப் பனிக்கு முடியாவிட்டால் அடுத்த பனிக்கு. அங்கேயே இருந்துவிடுவேன் என்று எழுதவில்லை, ஒரு பனிக்காலம் என்று மட்டும் எழுதுகிறேன். சாவி ராஜம்மாளிடம் இருக்கும். நான் வருகிற நாளிலும் வாசலில் ஒரு ஜோடி செருப்பை விட்டுவிட்டுத்தான் வருவேன். அதுவரை அந்தக் கொக்கியில் வேறு எதையும் மாட்டாதே.

உன் தலையில் சிலுவை வரைந்து முத்தமிட்டு ஆசீர்வதிக்கும்,
அப்பா,
ச. சவரிராஜ்

பி.கு. பேப்பரை விரிக்கும்போது கவனம். பென்சில் கோடு அழிந்துவிடும்.