பிரேசில் தொடரில் வந்த தொப்பிக்காரன்

செவ்வாய், இரவு.

சாயங்காலம் மூன்று பேரும் அந்தப் பிரேசில் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்டுப் பழங்கதையாம். ஆற்று டால்பின் ஒன்று தொப்பி வைத்த அழகனாக மாறித் திருவிழாவுக்கு வருகிறது. ஒரு பெண்ணோடு பழகிவிட்டு ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது. அவள் கர்ப்பமாகிறாள். அவள் சொல்வதை ஊரில் யாரும் நம்பவில்லை.

"நல்லாக் கதை கட்டறா பாரு" என்று இவர் சிரித்தார். நாத்தனார் சுதா சட்டென்று எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாளாகவே அவள் காலையில் சாப்பிடுவதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம். பின்னாலேயே போனேன்.

"ஏன் கண்ணு அழுகறே?"

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலைங்க அண்ணி."

எனக்குப் புரிந்துவிட்டது. "யாரு கண்ணு?" என்றேன்.

"அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். பெருந்துறை ஆபீசிலிருந்து அவளைத் தினமும் காரில் கொண்டுவந்து விடும் இவருடைய சிநேகிதரின் முகம்தான் எனக்குத் தோன்றுகிறது. முன்பெல்லாம் உள்ளே வந்து காபி குடிப்பார். இப்போது வாசலோடு திரும்பிவிடுகிறார். கேட்டால் அவசர வேலையாம்.

நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். இவர் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிநேகிதரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாராம்.