பூட்டியாச்சு, மகாராணி

மார்ச் 4, செவ்வாய்

இன்று நல்ல மானக்கேடு. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டை சர்வீஸ் பண்ணி முடித்து, கீழே போக அதிலேயே ஏறினேன். நாலாவது மாடி ஆபீஸ்காரர்கள் சிலரும் ஏறினார்கள். கதவு மூடத் தாமதமானது. நான் கதவு மூடும் பட்டனை அமுக்கினேன். மூடவில்லை. இன்னும் அழுத்தி, டொக் டொக்கென்று அமுக்கினேன். கூட வேலை பார்க்கும் தாடி என் காதோரம் குனிந்து, "அண்ணே, அந்த ஒயரைக் கழட்டினதே நீங்கதானே" என்றான். மெதுவாகச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. எல்லாருக்கும் கேட்டது.

நிஜம்தான். போன வருஷம் யாரோ அவசரத்தில் அமுக்கப்போய் ஒரு பெரியவரின் கை கதவில் மாட்டிக்கொண்டது. மேனேஜர் சொன்னார், நான் திருப்புளியை எடுத்துக் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பட்டன் வெறும் அலங்காரம். ஆனாலும் கட்டடமே அதை அமுக்குகிறது. ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை. கதவு தன் நேரத்துக்குத் தானாக மூடும். அமுக்கியவர் தன்னால்தான் மூடியது என்று நிம்மதியாக ஒரு மூச்சு விடுவார். இத்தனை நாளும் அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். தலைக்குத் தெரிந்த விஷயம் விரலுக்குப் போய்ச் சேரவில்லை போல.

மகள் மதியத்துக்குள் பல தடவை போன் செய்துவிட்டாள். அதே கேள்வி. அதே பதில்.

மார்ச் 6, வியாழன்

அந்தக் கேள்வி: "அப்பா, வீட்டைப் பூட்டிட்டீங்களா?"

மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. விடிந்ததும் போய்விடுவாள். மகளும் நானும் சேர்ந்துதான் கிளம்புவோம். அவள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு, நான் என் லிஃப்டுகளுக்கு. கதவைப் பூட்டுவது என் வேலை. ஆரம்பத்தில் வாசலில் கேட்பாள். "பூட்டியாச்சு, மகாராணி" என்று ராஜா காலத்துச் சேவகன் மாதிரி குனிந்து சொல்வேன். சிரிப்பாள். பிறகு படியில் கேட்டாள், பிறகு தெருமுனையில். இன்று பஸ் வந்து நின்ற பிறகு கேட்டாள். சொன்னேன். போதவில்லை. இருவரும் திரும்பி வந்து பார்த்தோம். பூட்டு பூட்டாகத்தான் இருந்தது. பஸ்தான் இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மா சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நான் சொன்னால்தான் முகம் தெளியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மார்ச் 10, திங்கள்

மெக்கானிக் மூளை வேலை செய்தது! பூட்டியதும் போனில் படம் எடுத்து அவளுக்கே அனுப்பிவிட்டேன். சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இன்று ஒரு போன்கூட இல்லை. மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "பார்ப்போம்" என்றாள். அவள் "பார்ப்போம்" என்றால் "தோக்கப்போறீங்க" என்று அர்த்தம்.

மார்ச் 13, வியாழன்

"அப்பா, இந்தப் படம் இன்னைக்கு எடுத்ததா, நேத்து எடுத்ததா?"

மார்ச் 17, திங்கள்

இப்போது பூட்டுக்குப் பக்கத்தில் அன்றைய பேப்பரைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறேன். தேதி தெரிய வேண்டுமாம். ஆளைக் கடத்தியவன்தான் இப்படி எடுப்பான். எதிர்வீட்டுக்காரர் தினமும் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார். ஒரு நாள் கேட்கத்தான் போகிறார், பூட்டை விடுவிக்க எவ்வளவு பணம் கேட்கிறீர்கள் என்று.

இதை எழுத எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் இன்று அவள் சாப்பிடும்போது வலது உள்ளங்கையைப் பார்த்தேன். கன்றிப்போயிருக்கிறது. தினமும் நான் பூட்டிய பிறகு அவளும் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிறாள், அதனால். கடை முதலாளியும் சொல்லிவிட்டாராம்: வேலையில் குறையே இல்லை, ஆனால் அடுத்த மாதமும் இப்படித் தாமதமாக வந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று. அந்த வேலைக்காக அவள் எவ்வளவு படித்தாள். கண்ணைப் பரிசோதிக்கிற பெண்ணுக்குத் தன் கண்ணால் பார்த்த பூட்டை நம்ப முடியவில்லை.

"டாக்டர்கிட்ட போலாம்பா" என்று அவளே சொன்னாள். நான் சொல்லியிருக்க வேண்டியது.

மார்ச் 22, சனி

மனநல டாக்டர். நடுவயதுப் பெண். மகள் கூச்சப்படுவாள் என்று நினைத்தேன். கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குத் தெரியாததையும். கடையில் ஒருவர் கண்ணுக்கு நேரே லென்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வீடு திறந்து கிடப்பதும் யாரோ உள்ளே போவதும் அவள் கண்முன் படமாகத் தெரியுமாம். "பூட்டியிருக்கும்னு எனக்கே தெரியும் டாக்டர். தெரிஞ்சும் கேக்கறேன்." நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் பதில் சொல்வது என்று டாக்டர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை வேகமாகத் தூக்கியதில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "நீங்க பதில் சொன்னதும் பயம் இறங்குது. உங்களாலதான் இறங்குச்சுன்னு அவங்க மனசு கத்துக்குது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா உங்களைத் தேடுது."

"நான் சொல்லலைன்னா?"

"ஏறும். நல்லா ஏறும். அப்புறம் தானா இறங்கும். தானா இறங்கும்னு அவங்க பார்க்கணும். அதுக்கு நீங்க பக்கத்துல சும்மா நிக்கணும்."

இது ஒரு நோய்தான், நிறையப் பேருக்கு வருவதுதான், வளர்ப்பில் தப்பில்லை என்றார். மாத்திரை எழுதினார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். படம் எடுப்பதையும் நிறுத்தச் சொன்னார். பேப்பர் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

இறங்கும்போது ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒருவர் கதவு மூடும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அவர் விரலைப் பார்த்தேன். நான்தான் அந்தப் பட்டன். இத்தனை மாதமும் என் பிள்ளை என்னை அமுக்கியிருக்கிறாள், நானும் பெருமையாக நின்றிருக்கிறேன்.

"நான் கெஞ்சினாலும் சொல்லாதீங்கப்பா" என்றாள் லிஃப்டுக்குள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெருவில் கால் வைத்ததும், "வரும்போது பூட்டினீங்கதானே?" என்றாள். நாளையிலிருந்து ஆரம்பிப்போம் என்று சொல்லிவிட்டு, பூட்டியாச்சு என்றேன்.

மார்ச் 24, திங்கள்

முடியலை. படியிலேயே உட்கார்ந்துட்டா. மேல்வீட்டு ஆளுங்க தாண்டிப் போறாங்க, குனிஞ்சு பார்த்துட்டே போறாங்க. "ஒரு வார்த்தைப்பா. ஒரே வார்த்தை. இன்னைக்கு மட்டும்." கைப்பிடிச் சுவரை விட மாட்டேங்கறா. நான் மரம் மாதிரி நிக்கறேன். இதுக்கா பெத்தேன்? தண்ணி கேட்டா குடுக்க மாட்டேனா? இது தண்ணியை விடச் சுலபம், வாயைத் திறந்தாப் போதும் —

திறந்துட்டேன்.

அவ உடனே எழுந்தா. முகம் துடைச்சா. தெருமுனை போகிறதுக்குள்ள திரும்பக் கேட்டா.

மார்ச் 25, செவ்வாய்

வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினேன். அதுவும் பதில்தானாம். டாக்டருக்குப் போன் போட்டு அவளே கேட்டு எனக்குச் சொன்னாள். என்னைப் பற்றி என்னிடமே புகார்.

மார்ச் 30, ஞாயிறு

மூவரும் வெளியே கிளம்பினோம். இன்று பூட்டியது மனைவி. மகள் கேட்டாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். மனைவி சாவியைத் தேடுகிற மாதிரி பைக்குள் கைவிட்டு, அதை ஒரு தடவை கலகலவென்று குலுக்கினாள். மகள் முகம் உடனே தெளிந்தது.

"ஏங்க, நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் என்னிடம், நான் கேட்காமலே. இத்தனை நாளும் நான் செல்லம் கொடுத்துத்தான் கெடுக்கிறேன் என்று சொன்னவள். சண்டை போடலாம் என்று பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. பையை நான் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இருமினேன். அந்த இருமலில் "ம்" இருந்ததா என்று கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை.

இன்றும் கடைக்குத் தாமதம். முதலாளி திட்டவில்லையாம். திட்டாததுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

கட்டடத்தில் அந்த ஒயரைக் கழற்ற எனக்கு ஒரு திருப்புளி போதுமாக இருந்தது. இங்கே எங்கே கை வைப்பது? கழற்ற வேண்டியது என் நாக்கு. தாடியிடம் சொன்னேன். அவன் வழக்கம்போல் ஏதாவது கிண்டல் செய்வான் என்று பார்த்தால், டீயைக் கையில் கொடுத்தான்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் எழுந்ததிலிருந்தே ஒரே ஜபம்: சொல்லாதே, ஆட்டாதே, இருமாதே. கதவைத் தாண்டினோம். படியில் கேட்டாள். நான் படியைப் பார்த்தேன். தெருமுனையில் கேட்டாள். "கோவமாப்பா?" என்றும் கேட்டாள். அதற்கு மட்டும் "இல்லை" என்று சொன்னேன். அதைச் சொல்லலாமாம்.

பஸ் ஸ்டாப்பில் அவள் நிறமே மாறிவிட்டது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் ரோடு தாண்டும்போது பிடிக்கிற மாதிரி. "பூட்டினீங்களாப்பா?"

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. பூட்டினேனா? சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்ததில், பூட்டியது ஞாபகத்தில் இல்லை. சாவி பையில் இருக்கிறது. பூட்டைத் தொட்ட ஞாபகம் இருக்கிறது. அது இன்றைக்கா, நேற்றா? சொல்ல நினைத்தாலும் சொல்ல என்னிடம் பதில் இல்லை. சும்மா நின்றேன். நல்ல அப்பன் நிற்கிற மாதிரி.

பஸ் வந்தது. என் கையை விட்டாள். ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர், ஆனால் இறங்கவில்லை. பஸ் திரும்பும் வரை கை காட்டிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். சரியான நேரத்துக்குக் கடைக்குப் போய்விட்டாளாம், முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாராம். "பஸ்ல செத்துடுவேன்னு இருந்துச்சுப்பா. பாலம் தாண்டி எங்கேயோ இறங்கிருச்சு. எப்ப இறங்குச்சுன்னே தெரியல." நாளைக்கு எப்படியோ, தெரியாது என்றும் சொன்னாள். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு மகள் என்னைப் பார்த்து, "நீங்க எப்படிப்பா அவ்வளவு தைரியமா நின்னீங்க?" என்று கேட்டாள்.

நான் சோற்றைப் பிசைந்தேன்.

நீ போன பஸ் திரும்பியதும் நான் வீட்டுக்கு ஓடி வந்து, பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன், மகாராணி.