பன்னிரு குஞ்சங்கள் குறித்து வெண்ணெடுந்துறைக்கு விடுத்த ஓலை

நன்றே நிலைக்க, நாடு செழிக்க. அலைவேலி நாடாளும் பெருமான் நன்மாறவேளின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சன் காரிநக்கன், வெண்ணெடுந்துறைத் தலைவர் ஏனாதி மல்லனார்க்கு எழுதும் ஓலை. உமது துறையும் அதன் கலங்களும் நலமுற்று விளங்குவதாக. இதனைக் கைக்கொண்ட கணமே, மறுவேலை தொடுமுன், உப்பளக் குடிகள் முந்நூறும் மூட்டை கட்டி அமர்ந்திருக்கும் கரைக்கு ஆள் விடுக. ஒருவரும் கலமேறலாகாது. காரணம் பின்னே வருகிறது.

அக்குடிகள் தம் கத்தோலிக்கக் கோயில் வாயிலின்மேல் தம் ஆயர் சந்தியாகு அடிகளின் இலச்சினையைக் கல்லில் பொறித்து நிறுத்தியதும், நீர் அதனைப் படமெழுதி அனுப்பியதும், முழுமதி நாளுக்குள் அவர்கள் நாடு நீங்குக என ஆணை பிறந்ததும் நீர் அறிந்தவையே. நம் வழக்கில் அரசரின் குடையில் தொங்கும் குஞ்சம் ஒவ்வொன்றும் அவர்க்கு அடங்கிய ஒரு நாட்டைக் குறிக்கும். பெருமானின் குடைக்கு ஒன்பது. அக்கல்லிலோ பச்சைக் குடையொன்றின் இருபுறமும் ஆறாறாகப் பன்னிரண்டு. உப்பளத்தான் மகனாகிய இவ்வாயர் பன்னிரு நாட்டுக்கு உரிமை கொண்டாடுகிறார் என்று அவையில் முதலில் பழி சுமத்தியவன் காரிநக்கனாகிய நானே. எண்ணிப் பார்த்தேனேயன்றி, ஒரு வாய்ச்சொல் கேட்டுப் பார்த்தேனில்லை.

நேற்று ஆயரைச் சிறையினின்று அவைக்கு வருவித்து வினவினோம். விலங்கோடு நின்றும் அவர் முகம் சுளியாது விடை பகர்ந்தார். அது குடையன்று, தொப்பி என்றார்; வெயிலிலும் மழையிலும் வழிநடப்போர் அணிந்த அகன்ற தொப்பி என்றார். பன்னிரு குஞ்சங்களும் ஆயர் என்னும் பணிநிலையைக் காட்டுவன. எத்திசை ஆயர்க்கும் அத்தனையே, கூடவும் மாட்டா, குறையவும் மாட்டா என்றார். தொப்பியின் கீழுள்ள கேடயத்தின் பின்னே நீர் வேல் என்று குறித்தது, ஊர்வலத்தில் முன்செல்லும் சிலுவையாம். கேடயத்தின் நடுவே கோடரி என்று குறித்தது, அவர் தந்தை உப்பு வாரிய பலகையாம். உப்பளத் துறைக்குத் தலைவராயிருந்தும் நீர் அதனை அறியாதது வியப்பே. நாளும் உப்பிட்டு உண்ணும் நானும் அறிந்திலேன் ஆதலின், உம்மை நகைக்க எனக்கு வாயில்லை. அடியிலுள்ள பட்டையில் பொறித்தது, தாழ நின்று தாங்குவேன் என்னும் அவரது வாக்கு.

பெருமான் அத்தோடு விடவில்லை. இவ்விலச்சினை உமக்குப்பின் எவர்க்குச் சேரும் என்று கேட்டருளினார். எவர்க்கும் சேராது என்றார் ஆயர். தமக்கு மகவில்லை, அடுத்து வரும் ஆயர் தம் வாழ்விலிருந்து வேறொன்றைப் பொறித்துக்கொள்வார், தம்முடையது தம்மோடு முடியும் என்றார். பெருமான் தம் குடையின் ஒன்பது குஞ்சங்களையும் அண்ணாந்து நோக்கினார். அரசகொடி யார்க்கு என்று புதல்வர் மூவரும் ஒருவர் முகம் ஒருவர் பாராதிருப்பதை நினைந்தார் போலும். அமைச்சன் அதைக் கேட்டறிதல் முறையன்று. எனக்கோ, முடிந்துபோகும் என்று தெரிந்தே ஒரு சின்னத்தைத் தாங்குவோன்மேல் பேராசைப் பழி சுமத்தினேனே என்று நெஞ்சு கூசியது. இன்னும் கூசுகிறது.

ஆதலின் ஆணையாவது: நாடுகடத்தல் நீங்கியது. வீட்டுத் திறவுகோல்களைக் குடிகள் கையில் நீரே கொடுக்க. கோயில் வாயிலினின்று இறக்கிய கல்லை இறக்கிய இடத்திலேயே ஏற்றுக. ஆயர் பல்லக்கு வேண்டாமென்று நடந்தே புறப்பட்டிருக்கிறார். வந்துசேர நான்கு நாளாகும். அதற்குள் ஒரு வீட்டிலும் அடுப்பெரியாதிருத்தல் கூடாது.

பெருமானின் முத்திரை இட்டது. இனி எழுதுவது என் வேண்டுகோள். இக்குடிகளை அரசத் துரோகிகள் என்று சந்தையில் பறையறைவித்தோம். அதே சந்தையில் அதே பறையை அறைந்து இவ்வோலையை வாசிப்பிக்க. அரசகுமாரரைப் பற்றிய ஏட்டை மட்டும் உம்மிடம் நிறுத்திக்கொள்க. பழி சுமத்தியவன் காரிநக்கன் என்னும் இடத்தில், என்மேல் மரியாதை கொண்டு வாசிப்போன் குரலைத் தாழ்த்துவான். அந்த வரியை மீண்டும் ஒருமுறை, கரைவரை கேட்க, வாசிக்கச் செய்க.